நெடுங்குளம் தாண்டிப் போன நிலம்

ஓர் ஐப்பசி மாதத்து முற்பகலில் நாகஜோதியின் ஒன்றரை ஏக்கர் நிலம், அதில் நின்ற சின்ன வெங்காயப் பயிரோடும் நாகஜோதியோடும், கரட்டுப்புதூரிலிருந்து கிளம்பி ஆறு கிலோமீட்டர் கிழக்கே போய் இஞ்ஞாசியின் செங்கல் சூளைக் களத்தில் நின்றது. போகிற வழியில் செம்பட்டி–வத்தலக்குண்டு ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. வத்தலக்குண்டு போகிற பஸ் ஒன்று ஓரங்கட்டி நின்று வழி விட்டது. அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் பின்னால் சொன்னதில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. மண் முழங்கால் உயரத்துக்கு ரோட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. வெங்காயத் தாள் ஒன்றுகூடச் சாயவில்லை. நடுப்பாத்தியில் ஒரு பெண் களைக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

போனின் அந்தப் பக்கம் இருந்தவன் அவள் கணவன் காமராஜ். குட்டியானை வண்டியில் காய்கறியும் பூவும் லோடு அடிக்கிறவன், அப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நின்றிருந்தான்.

"ஏங்க, நெலம் போகுது. நானும் போறேன்."

"எங்க போற?"

"தெரியல. ரோட்டத் தாண்டியாச்சு. நெடுங்குளத்துப் பக்கமாத் திரும்புது. குதிச்சுருவமான்னு பாத்தேன். எறங்கிட்டா பெறகு இது எங்க போச்சுன்னு யாரு சொல்லுவா? அதான் உக்காந்திருக்கேன்."

"சரி, சூதானமாப் போ. நான் பின்னாலயே வாரேன்" என்றான் காமராஜ்.

அந்த நிலம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கரட்டுப்புதூருக்கு மேற்கே ஆவாரங்கரடு என்று ஒரு குன்று இருக்கிறது. உயரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஆவாரையும் உடைமரமும் கோரைப்புல்லும் மண்டிக் கிடந்த காலத்தில், அதன் மேல் விழுந்த மழை கீழே வந்து சேர நாலைந்து நாள் ஆகும். வழியில் வேரிலும் புல்லிலும் தங்கித் தங்கி, மழை விட்ட பிறகு ஓடையில் கண்ணாடி மாதிரி தண்ணீர் கசிந்து வரும். திண்டுக்கல்லிலிருந்து பாண்டியராஜ் என்பவர் வந்து கரட்டுச் சரிவை மொத்தமாக வாங்கினார். ஜேசிபி வைத்துப் புதரை வழித்து, சரிவைப் படிபடியாகச் சமன் செய்து, மனைக்கல் நட்டு, தார்ரோடு போட்டார். ரோட்டுக்குக் குறுக்கே வந்த ஓடையை ஒரு குழாய்க்குள் விட்டார். அதற்குப் பிறகு பெய்த முதல் மழை, டீ ஆறுவதற்குள் கீழே வந்துவிட்டது. டீ நிறத்தில்தான் வந்தது. அந்த வருசம் நாகஜோதியின் நிலம் ஒரு சாண் நகர்ந்தது. கிழக்கு வரப்பில் நின்ற பனை மறுநாள் பக்கத்துக்காரர் எல்லைக்குள் நின்றதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருசம் இரண்டு முழம். கட்டுத்தறியில் மாடு காலை மாற்றி மாற்றி வைக்குமே, அப்படி இருப்பதாக நாகஜோதி சொன்னாள். ஊரில் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எல்லாருடைய நிலமும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்துகொண்டுதான் இருந்தது.

இஞ்ஞாசிக்கு அறுபது வயதிருக்கும். குடகனாற்றுக் கரையில், நெடுங்குளத்துக்குக் கீழே, அப்பா காலத்திலிருந்து சூளை வைத்திருக்கிறவர். பச்சைக்கல் காயவைக்கும் களம் முழுக்க ஒருத்தியின் வெங்காயக்காடு வந்து படுத்திருப்பதைக் கண்டதும் குடையைக்கூட விரிக்காமல் ஓடிவந்தார்.

"ஏத்தா, யாரக் கேட்டு இத இங்க எறக்குன?"

"நான் எறக்கலண்ணே. அதா வந்து நின்னுச்சு."

"அதா வந்துச்சுன்னா, அதாப் போகச் சொல்லு."

"சொன்னாக் கேக்குற மாதிரி இருந்தா, நான் கெளம்பும்போதே சொல்லிருப்பேனே."

இஞ்ஞாசி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் கை அந்த மண்ணைக் கீழே போடவில்லை. வருசா வருசம் நெடுங்குளத்தில் படிகிற வண்டலை வெட்டித்தான் அவர் கல் அறுப்பது. கரட்டில் ஜேசிபி ஏறிய பிறகு வண்டல் இரண்டு மடங்காகக் குளத்தில் சேர்ந்தது. அவருக்கு அது நல்ல காலமாகவே இருந்தது. இப்போது கையில் இருந்ததும் அதே மண். கறுப்பில் கொஞ்சம் செம்மை, உருட்டினால் வெடிக்காத பசை. இத்தனை நாள் அது துளித்துளியாக வந்தது, இன்றைக்கு முழுசாக வந்திருக்கிறது என்பதை அவர் புரிந்துகொண்டார். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. "தை பொறந்தா நான் சூளை பத்த வைக்கணும் தாயி. அதுக்குள்ள கொண்டு போயிரு. கெடந்துச்சுன்னா கல்லறுத்துருவேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நாகஜோதியும் காமராஜும் பழைய இடத்தைப் போய்ப் பார்த்தார்கள். வரப்புக் கல் நாலும் அதனதன் இடத்தில் இருந்தன. நடுவில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி. அடியில் வெறும் பாறை. அவர்களுடைய கிணறு மட்டும் நிலத்தோடு போகாமல், சுற்றிக் கட்டிய கல்லோடு கோபுரம் மாதிரி தன்னந்தனியாக நின்றது. உள்ளே தண்ணீர் இருந்தது. காமராஜ் ஏணி வைத்து ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, பாறைமேல் உட்கார்ந்துகொண்டான்.

அவள் வெங்காயத்தைச் சூளைக் களத்திலேயே வளர்த்து அறுவடை செய்தாள். தினமும் பஸ் ஏறிப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தாள். மார்கழியில் காமராஜின் வண்டியில் மண்ணை அள்ளி அள்ளிக் குழிக்குள் கொண்டுபோய்க் கொட்டினார்கள். உறவுக்காரர்கள் வந்து கை கொடுத்தார்கள். குழியில் கால்வாசி நிரம்பியிருந்தபோது ஒரு தூற்றல் போட்டது. பெரிய மழைகூட இல்லை. கொட்டிய மண் அத்தனையும் ஓடை வழியாக இறங்கி, குளத்தைச் சுற்றிக்கொண்டு, களத்தில் தான் விட்டுப்போன இடத்தைத் தேடி வந்து படுத்துக்கொண்டது. இன்னொரு முறை கொண்டுபோனார்கள். இன்னொரு முறையும் வந்தது.

தை பிறந்ததும் இஞ்ஞாசி சொன்னபடி ஓர் ஓரத்தில் வெட்டிக் கல் அறுத்தார். நாகஜோதி தடுக்கவில்லை, தடுக்க வழியும் இல்லை. அறுத்த கல்லைப் பார்த்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் காமராஜ் கொண்டுவந்த சோற்றை அவள் தொடவில்லை. கல் காய்ந்தது, சூளை ஏற்றினார்கள், தீ வைத்தார்கள். ஆறிய பிறகு பிரித்தால், கல் நன்றாகச் சிவந்து வெந்திருந்தது. தட்டினால் மணிச்சத்தம் கேட்டது. ஒவ்வொரு கல்லிலிருந்தும் விரல் நீளத்துக்குப் பச்சையாக வெங்காயத் தாள் முளைத்திருந்தது. கிள்ளிப் போட்டால் மறுநாள் திரும்ப முளைத்தது. சின்னாளபட்டியில் வீடு கட்ட அதை வாங்கிப் போனவர் ஒரே வாரத்தில் திருப்பிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். சுவருக்குள் வெங்காயம் அழுகினால் வீடு நாறும் என்பது அவர் வாதம். அதில் தப்பு சொல்ல முடியாது. அதற்குப் பிறகு இஞ்ஞாசி அந்த மண்ணில் மண்வெட்டி வைக்கவில்லை.

"ஏத்தா, இது எனக்கும் ஆகாது, உனக்கும் வராது. என்னதான் பண்ணப்போற?"

"நெலத்துக்கு அங்க என்ன கொறன்னு தெரியணும்ணே. தெரிஞ்சாத்தான் கூட்டிட்டுப் போக முடியும்."

அந்தக் குறையைச் சொன்னவர் ஷப்னம். திண்டுக்கல்லில் மண் பாதுகாப்பு வேலைக்கென்று இருந்த இளம் இன்ஜினியர். நாகஜோதி போய்ச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த வருசம் அந்தப் பக்கத்தில் நிலம் போனதாக அவரிடம் வந்தவர்களில் இவள் முதல் ஆள் இல்லை. களத்தையும் குழியையும் வந்து பார்த்தார். பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆவாரங்கரட்டில் ஏறி, உச்சிவரைக்கும் நடந்து, மழைத் தண்ணீர் அரித்த ஒவ்வொரு கோட்டையும் காட்டினார். "உங்க நிலத்துக்கு ஒரு குறையும் இல்லக்கா. அது மேல இருந்து வர்ற தண்ணியோட வேகத்துக்கு நடக்குது. தண்ணி இங்க ஓடுது, அதுவும் ஓடிருச்சு. தண்ணிய நடக்க வச்சா அதுவும் நிதானத்துக்கு வரும். அதுக்குக் குழியில வேல செஞ்சா போதாது. கரட்டுலதான் செய்யணும். சரிவுக்குக் குறுக்க குறுக்கப் பள்ளம், கல்வரப்பு, வேர் பிடிக்கிற செடி. ஓடைக்கு அதோட பழைய அகலம்." போகும்போது இன்னொன்றும் சொன்னார். களத்தில் நிலத்தின் கிழக்கு ஓரத்தை அவர் அளந்து பார்த்திருந்தார். அது ஒவ்வொரு மழைக்கும் ஆற்றை நோக்கி ஒரு முழம் நகர்ந்துகொண்டிருந்தது. குடகனாற்றில் இறங்கிவிட்டால் வேடசந்தூர், அப்புறம் அமராவதி, காவிரி, கடல். கடலுக்குள் போன நிலம் எதையும் யாரும் திருப்பியதில்லை.

நாகஜோதி அன்றைக்கே களத்தின் கிழக்கு ஓரத்தில் நெருக்கமாக வெட்டிவேர் நட்டாள். மறுநாள் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி பாண்டியராஜின் ஆபீசில் போய் நின்றாள்.

பாண்டியராஜ் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, முழுதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "மனைக்குள்ள பள்ளம் வெட்டிப் போட்டா எவன்மா வாங்குவான்?" என்றார். நாகஜோதி காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்த வாரம் திரும்பப் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். என்ன சொன்னாலும் அவள் குரல் ஏறாது; அழவும் மாட்டாள். "அடுத்த வாரமும் வாரேன்ண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வாள். ஆபீஸ் பையன்கள் அவளுக்கென்று ஒரு நாற்காலியை ஒதுக்கி வைத்தார்கள். அடுத்த ஐப்பசி வரைக்கும் இது நடந்தது. அந்த ஐப்பசியில், கரட்டுக்குப் போட்டிருந்த தார்ரோடு பாய் மாதிரி சுருண்டு, சரிவில் உருண்டு, நெடுங்குளத்தில் போய் விரிந்துகொண்டது. மனைக்கற்களும் ஆளுக்கொரு பக்கம் இடம் மாறிவிட்டன. பதினாலாம் நம்பர் இருந்த இடத்தில் நாற்பத்தொன்று நின்றது. வாங்க வந்தவர்கள் காரிலிருந்து இறங்காமலே திரும்பினார்கள். பாண்டியராஜ் குளத்துக்கரையில் நின்று தன் ரோட்டின் மேல் கொக்கு நடப்பதை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாகஜோதிக்குப் போன் செய்தார்.

"வெட்டிக்கம்மா. ஆனா நெலம் திரும்பி வந்தா ஒன் எடத்துலதான் நிக்கணும். என் மனையில ஏறக் கூடாது."

"சரிண்ணே" என்றாள்.

தை மாதத்தில் வேலை தொடங்கியது. ஷப்னம் மட்டம் பார்த்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். நூறு நாள் வேலைப் பெண்கள் கோட்டின்மேல் பள்ளம் வெட்டினார்கள். இஞ்ஞாசி தன்னுடைய கல்லறுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லையும் சேற்றையும் அடுக்கி வரப்புக் கட்டுவதில் அவர்களுக்கு இணையில்லை. காமராஜ் வண்டியில் வெட்டிவேர் நாற்று ஏற்றி வந்தான். ஓடையை அடைத்த குழாயைத் தோண்டி எடுத்துக் கரைமேல் போட்டார்கள். எல்லாம் சுலபமாக நடந்துவிட்டதாக இப்போது சொல்கிறார்கள். அப்படி இல்லை. சித்திரையில் திடீரென்று அடித்த கோடை மழை மேல் வரப்புகளை உடைத்துக்கொண்டு போனது. வெட்டிவேர் துளிர் விட்ட நேரத்தில் யாரோ அய்யலூர்ச் சந்தையில் வாங்கி வந்த ஆடுகள் ஏறி ஒரு பக்கத்தை மொட்டையாக்கின. காமராஜுக்கு அன்றைக்குத்தான் மனசு விட்டுப்போனது.

"விட்ரு ஜோதி. டவுன்ல ஒரு வீட்டப் பாத்துப் போயிருவோம். எனக்கு வண்டி இருக்கு. பொழச்சுக்கலாம்."

நாகஜோதி ஆடு கடித்துப்போட்ட நாற்றுகளைப் பொறுக்கி, வேர் மிச்சமிருந்ததைத் தனியே வைத்துக்கொண்டிருந்தாள். "நம்ம பொழச்சுக்குவோம். அது அங்க ஊரான் எடத்துல கெடக்குதே, அத யாரு பாப்பா?" என்றாள். செத்த நேரம் கழித்து, "நாளைக்கு இன்னொரு நடை நாத்து வேணும்ங்க" என்றாள். காமராஜ் மறுநாள் நாற்று ஏற்றி வந்தான்.

அந்த வருசத்து மழையில் வரப்பு எதுவும் உடையவில்லை. பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. விதைக்காத இடத்தில் எல்லாம் ஆவாரை முளைத்து மஞ்சளாகப் பூத்தது. ஆனாலும் நிலம் அசையவில்லை. கிழக்கு ஓரம் ஆற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு அடித் தூரத்தில், வெட்டிவேரைப் பிடித்துக்கொண்டு நின்றது. இஞ்ஞாசிகூடச் சந்தேகப்பட்டார். நாகஜோதி அந்தக் கோடையிலும் கரட்டில் கல் சுமந்தாள்.

அதற்கடுத்த ஐப்பசி அடைமழையில், கரட்டில் பெய்த தண்ணீர் இறங்கி நெடுங்குளம் வந்து சேர ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது. கலங்காமல் வந்தது. விடிந்து இஞ்ஞாசி களத்துக்குப் போனபோது, நிலத்தின் மேற்கு ஓரம் லேசாகத் தூக்கி நின்றது. நாகஜோதிக்குச் சொல்லி அனுப்பினார். அவள் வந்து ஓரத்தில் கையை வைத்ததும் நிலம் கிளம்பியது. ஓடைத் தண்ணீர் வருகிற திசையை எதிர்த்து, பாரம் ஏற்றிய மாட்டுவண்டி போகிற வேகத்தில் போனது. நாகஜோதி முன்னால் நடந்தாள். இஞ்ஞாசி ஒரு பக்கமும் அவர் ஆட்கள் இன்னொரு பக்கமுமாக, மண் உதிர்ந்தால் அள்ளி மேலே போட்டபடி நடந்தார்கள். சாயங்காலத்துக்கு முன்னால் கரட்டுப்புதூர் வந்துவிட்டது. வந்த நிலம் தன் குழியின் கரையில் நின்றுவிட்டது.

குழி நிறையத் தண்ணீர். கரட்டில் இறங்கிய மழை பாறை இடுக்கு வழியாகக் கசிந்து, அந்தக் குழியை ஆறேழு மாதமாகவே வற்றாத குளமாக்கியிருந்தது. கரட்டை வழித்த பிறகு ஊரில் வறண்டு கிடந்த கிணறுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஊறின. கைப்பம்பில் திரும்பத் தண்ணீர் வந்ததும் அப்போதிலிருந்துதான். நிலம் உள்ளே இறங்கினால் குளம் இருக்காது. குளம் இருந்தால் நிலத்துக்கு இடம் இல்லை. காமராஜ் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து குழாயைத் தண்ணீருக்குள் போட்டு ஓடவிட்டான். ஊர்ச் சனம் சுற்றி நின்றது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் கை கொடுக்கவும் வரவில்லை. மழை வலுத்தது. நின்ற இடத்தில் பிடிப்பு இல்லாமல் நிலம் ஒரு சாண் பின்னால் சறுக்கியது. அப்புறம் இன்னொரு சாண்.

நாகஜோதி குளத்தைப் பார்த்தாள். குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்தாள். "இஞ்சின அமத்துங்க" என்றாள்.

"ஜோதி, என்ன சொல்ற?"

"அமத்துங்கங்கிறேன்."

சத்தம் நின்றது. அவள் குளத்தைச் சுற்றிக்கொண்டு கரட்டின் மேல் ஏறினாள். பாண்டியராஜின் விற்காமல் கிடந்த மனைகளில் கடைசி இரண்டு வரிசை அங்கேதான். கல்வரப்புக்கு மேலே நின்று, மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். நிலம் தயங்கியது. பிறகு குளத்தை வளைந்துகொண்டு மெல்ல ஏறத் தொடங்கியது. சேதி கேட்டுக் காரில் வந்து இறங்கிய பாண்டியராஜ் ஓடிப்போய் மனைக்கல் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டார்.

"என்கிட்ட என்னம்மா சொன்ன? சரின்னுதான சொன்ன?"

"சொன்னேன்ண்ணே. இப்ப முடியல. அந்தத் தண்ணி இல்லாம ஒங்க மேல் மனையில எவன் குடியிருப்பான்? எனக்கு நெலம் நிக்க ஒன்றர ஏக்கர் வேணும், ஒங்களுக்கு ஒரு கொளம் கெடைக்குது. அந்தக் கொளத்த ஒங்க பேருல எழுதிக்கங்க. செத்த அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, கால் மாட்டிக்கிரும்."

நிலம் அவர் செருப்புக்கு முன்னால் வந்து நின்று காத்திருந்தது. பாண்டியராஜ் அதைக் குனிந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார். நிலம் அவர் நின்ற இடத்தைக் கடந்து, மனைக்கற்களை உள்ளே வாங்கிக்கொண்டு, கல்வரப்புக்குப் பின்னால் நீட்டிப் படுத்தது. அதற்குப் பிறகு அசையவில்லை. தை மாதத்தில் இரண்டு பேரும் போய்ப் பத்திரம் மாற்றிக்கொண்டார்கள். பாண்டியராஜ் மிச்ச மனைகளைக் குளக்கரை மனை என்று விற்றார். சரிவில் வெட்டிய பள்ளத்தை மூடக்கூடாது என்பதை நாகஜோதி ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நட்டம் என்று பார்த்தால் இஞ்ஞாசிக்குத்தான். கரடு மண்ணைப் பிடித்துக்கொண்டதால் நெடுங்குளத்துக்கு வண்டல் வருவது நின்றுபோனது. கல்வரப்பு அடுக்கும்போதே இது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் அடுக்கினார். ஒரு நாள் நாகஜோதியை வரச்சொல்லிக் களத்தைக் காட்டினார். போகும்போது நிலம் ஒரு சாண் கனத்துக்கு மண்ணை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. களம் பூராவும், ஓரம் சாரம் பிசகாமல்.

"மிச்சத்த விட்டுட்டுப் போயிருச்சு தாயி. கூட்டிட்டுப் போ."

நாகஜோதி நடுக்களத்தில் நின்று நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். மண் அசையவில்லை. குனிந்து உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது வராதுண்ணே. ஒங்களுக்குன்னு இருந்துக்கிருச்சு."

இஞ்ஞாசி சூளையைப் பிரித்து, கல்லை ஓரமாக அடுக்கிவிட்டு, அந்த மண்ணில் முருங்கை நட்டார். இரண்டாம் வருசமே காய்த்தது. வெயில் காலத்தில் நட்டுநடுப் பகலில் அந்தத் தோப்புக்குள் போனால் தரை வெதுவெதுப்பாக இருக்கும், மெல்ல ஏறி இறங்கும். காய் பறிக்க வருகிற பெண்கள் சாப்பாட்டுக்குப் பிறகு அதன்மேல்தான் படுத்துத் தூங்குகிறார்கள். தூக்கம் நன்றாக வருகிறது என்கிறார்கள்.